மத்திய அமெரிக்கா: தரைவழியே எல்லை தாண்டுதல்

மெக்சிகோவின் தென்கோடிக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பரப்பில் குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா, பனாமா என ஏழு நாடுகள் அடங்கியுள்ளன. பெலீஸ் தவிர்த்த ஆறு நாடுகளையும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை கோத்துச் செல்கிறது. பெலீஸில் ஆங்கிலம் அரசு மொழி. மற்ற ஆறிலும் ஸ்பானிய மொழி. அண்டை நாடுகளுக்கு இடையிலான விமானக் கட்டணம் தூரத்துக்குப் பொருந்தாத அளவு அதிகம். பேருந்துகளோ எங்கும் உண்டு, மலிவாகவும் உண்டு. அதனால் முதுகுப்பையோடு குறைந்த செலவில் சுற்ற வருபவர்கள் பெரும்பாலும் தரைவழியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வழியில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் எல்லைகளில்தான். பேருந்துக் கட்டணத்தில் இரண்டு டாலர் சேமித்துவிட்டு, மாலையில் எல்லைக்கு வந்து சேர்ந்து, இணைப்புப் பேருந்தைத் தவறவிட்டு, டாக்சிக்கு நாற்பது டாலர் கொடுக்கும் பயணிகள் ஏராளம். எல்லையைக் காலையில் தொடுவது, ஆவணங்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பது, சிறு மதிப்பு டாலர் நோட்டுகளைக் கையில் வைத்திருப்பது ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக்கொண்டவருக்கு இந்த எல்லைகளில் பெரிய சிக்கல் வருவதில்லை.

எல்லையில் நடப்பது என்ன

உள்ளூர்ப் பேருந்து எல்லைக்குச் சற்று முன்னால் பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து பயணி தானே நடந்து, முதலில் வெளியேறும் நாட்டின் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறல் முத்திரை பெற வேண்டும். பிறகு இடைப்பட்ட நிலத்தைக் கடந்து, நுழையும் நாட்டின் அலுவலகத்தில் நுழைவு அனுமதி பெற வேண்டும். சுங்கத்தில் பையைத் திறந்து காட்டும்படி சில இடங்களில் கேட்பார்கள். பல இடங்களில் கேட்பதே இல்லை. அதைத் தாண்டியதும் அடுத்த நாட்டின் பேருந்து நிற்கும்.

இரண்டு அலுவலகங்களுக்கும் இடையிலான தூரம் இடத்துக்கு இடம் மாறும். சில எல்லைகளில் இரு நாட்டு அதிகாரிகளும் பக்கத்துப் பக்கத்து சன்னல்களில் அமர்ந்திருப்பார்கள். ஹோண்டுராஸ்–நிகராகுவா எல்லையான குவாசவுலேயில் வெயிலில் நீண்ட நடை உண்டு. மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர்கள் பையோடு ஏற்றிச் செல்வார்கள். ஏறுவதற்கு முன் கூலியையும், எந்த நாட்டுப் பணத்தில் என்பதையும் பேசி முடித்துவிடுவது அவசியம்.

தரை எல்லையில் முத்திரை வாங்குவது முழுக்கப் பயணியின் பொறுப்பு. விமான நிலையம் போல ஒரே வரிசையில் தள்ளிக்கொண்டு போய் அதிகாரியின் முன் நிறுத்தும் ஏற்பாடு இங்கே கிடையாது. கோஸ்டா ரிக்கா–பனாமா எல்லையில் உள்ள பாசோ கனோவாஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எல்லைக்கோடு ஊரின் நடுவே ஓடுகிறது. தெருவின் ஒரு பக்கக் கடை ஒரு நாட்டில், எதிர்ப்பக்கக் கடை மற்றொரு நாட்டில். எவரும் தடுக்காததால், முத்திரை இல்லாமலே பனாமாவுக்குள் நடந்து போய்ப் பேருந்தில் ஏறிவிட முடியும். வழியில் உள்ள சோதனைச் சாவடியிலோ நாட்டைவிட்டு வெளியேறும்போதோதான் தவறு தெரியவரும். அப்போது அபராதமும் அலைச்சலும் மிஞ்சும். ஆகவே பேருந்தில் ஏறும் முன் கடவுச்சீட்டைத் திறந்து, முத்திரை உண்டா, தேதி சரியா, எத்தனை நாள் அனுமதி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல் சால்வடோர் இதில் ஒரு விதிவிலக்கு. அண்டை நாடுகளிலிருந்து தரைவழியே வருபவரின் கடவுச்சீட்டில் அங்கே பல நேரங்களில் முத்திரை குத்துவதில்லை. கணினியில் மட்டும் பதிவார்கள். அதிகாரி கடவுச்சீட்டை வாங்கிப் பதிந்துவிட்டார் என்பதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்கள் தாராளமாக இருக்க வேண்டும். ஏழு நாடுகளைக் கடந்து திரும்புவதற்குள் முத்திரைகள் பக்கங்களை விழுங்கிவிடும். முதல் பக்கத்தின் நகல்கள் சிலவற்றையும் தனியே வைத்திருப்பது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா விஷயத்தில் மற்ற நாட்டவரைவிடக் கூடுதலாகத் தயாராக வேண்டும். இந்த வட்டார நாடுகள் பலவற்றுக்கு இந்தியர்கள் விசா எடுக்க வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவையோ ஷெங்கன் போன்ற வேறு சில விசாக்களையோ வைத்திருப்பவருக்குப் பல நாடுகள் தனி விசா கேட்பதில்லை. மெக்சிகோவும் அமெரிக்க விசாவை ஏற்கிறது. நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும்: பனாமா பலமுறை நுழைவு விசாவைத்தான் ஏற்கும், அதுவும் விசா கொடுத்த நாட்டுக்குள் ஒருமுறையாவது சென்று வந்திருக்க வேண்டும். எனவே அமெரிக்க விசா கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் கிளம்பாமல், ஒவ்வொரு நாட்டின் வெளியுறவு அல்லது குடிவரவுத் துறையின் விதியையும் புறப்படும் மாதத்தில் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். எல்லை அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு அரிதாகவே கண்ணில் படும். மேலதிகாரியைக் கூப்பிட்டு விதியைத் தேடிப் பார்ப்பார்கள். அந்த விதியை ஸ்பானிய மொழியில் அச்சிட்டு எடுத்துச் சென்று காட்டினால் காத்திருப்பு குறையும்.

எல் சால்வடோர் குறித்து ஒரு தகவலைத் தனியே சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் முதல், இந்தியாவின் கடவுச்சீட்டோ ஆப்பிரிக்க நாடுகளின் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களிடம் அந்நாட்டு விமான நிலையம் 1,000 டாலர் கட்டணமும் அதன்மேல் வரியும் விதித்தது. இது விமான நிலையத்துக்கென அறிவிக்கப்பட்ட கட்டணம். சிக்கனப் பயணத்தைச் சான் சால்வடோர் விமான நிலையத்தில் தொடங்கவோ அங்கே விமானம் மாறவோ திட்டமிடும் இந்தியர், டிக்கெட் எடுக்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளாவிட்டால் மொத்தப் பயணத்தின் பட்ஜெட்டே அங்கேயே கரைந்துவிடும்.

கோஸ்டா ரிக்காவும் பனாமாவும் நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான பயணச்சீட்டைக் கேட்பதுண்டு. பனாமா கையிருப்புப் பணத்துக்கும் சான்று கேட்கலாம். வழக்கமாகச் சொல்லப்படும் தொகை 500 டாலர். ஊர் திரும்பும் விமானச் சீட்டின் அச்சுநகலும் வங்கிக் கணக்கின் தாளும் இருந்தால் பெரும்பாலும் போதும். திரும்பும் விமானம் வேறு நாட்டிலிருந்து என்றால், மலிவான ஒரு பன்னாட்டுப் பேருந்துச் சீட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பது வழக்கம். போலிச் சீட்டு காட்டுவது குற்றம். அந்த யோசனையே வேண்டாம்.

தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மறக்கக் கூடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லுபடியாகும். 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது உலக சுகாதார அமைப்பின் விதி.

நான்கு நாடுகளுக்கு ஒரே 90 நாள்

குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நான்கும் 2006இல் செய்துகொண்ட ஒப்பந்தம் சி.ஏ.–4 எனப்படுகிறது. இதன்படி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு நான்கு நாடுகளுக்கும் சேர்த்துத்தான் 90 நாள். குவாத்தமாலாவில் 60 நாள் தங்கி ஸ்பானிய மொழி படித்தவருக்கு, மற்ற மூன்று நாடுகளுக்கும் மிஞ்சுவது 30 நாள் மட்டுமே. குவாத்தமாலாவிலிருந்து ஹோண்டுராஸுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. மெக்சிகோ, பெலீஸ், கோஸ்டா ரிக்கா போன்ற, ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாட்டுக்குப் போய் வந்தால்தான் புதிய அனுமதி கேட்க முடியும். அதையும் கொடுப்பது அதிகாரியின் முடிவு.

ஒப்பந்தம் இருப்பதால் இந்த நான்கு நாடுகளுக்கு இடையே சோதனையே இருக்காது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு எல்லையிலும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்றே ஆக வேண்டும். ஹோண்டுராஸில் கைரேகையும் பதிவார்கள். அந்நாட்டின் முன்பதிவுப் படிவத்தை இணையத்தில் நிரப்பி வைத்தால் வரிசை விரைவாக நகரும். நிகராகுவா, முன்கூட்டியே இணையத்தில் நுழைவு விண்ணப்பம் அனுப்பும்படி கேட்கிறது. ஆகவே நிகராகுவாவுக்கான ஏற்பாட்டைக் குறைந்தது பத்து நாள் முன்பே தொடங்குவது பாதுகாப்பு. டிரோன் இருந்தால் நிகராகுவா எல்லையில் பறிமுதல் செய்வார்கள். பத்திரிகையாளர்களை அந்நாடு திருப்பி அனுப்பியிருக்கிறது. பெரிய கேமராக்களும் கேள்விகளைக் கிளப்பும்.

கட்டணமும் காசும்

எல்லைக் கட்டணங்களில் முறையானவை உண்டு, முறையற்றவையும் உண்டு. பெலீஸைவிட்டுத் தரைவழியே வெளியேறச் சுமார் 20 அமெரிக்க டாலர். நிகராகுவாவுக்குள் நுழைய 10 டாலர் சுற்றுலா அட்டை, அதோடு சில்லறைக் கட்டணங்கள். ஹோண்டுராஸ் நுழைவுக்குச் சுமார் 3 டாலர். கோஸ்டா ரிக்காவிலிருந்து தரைவழியே வெளியேறும் வரி 10 டாலருக்குள் அடங்கும். மெக்சிகோவில் ஏழு நாளுக்கு மேல் தங்கியவர் தரைவழியே வெளியேறும்போது சுற்றுலாக் கட்டணம் கேட்பார்கள். விமானத்தில் மெக்சிகோ வந்தவருக்கு அந்தத் தொகை வழக்கமாக டிக்கெட் விலையிலேயே அடங்கியிருக்கும். கட்டண விவரம் பிரித்துக் காட்டும் விமான ரசீதை அச்சிட்டு வைத்திருப்பவர் இரண்டாம் முறை கட்டத் தேவையில்லை. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை; சில டாலர் கூடுதலாகவே கணக்கிட வேண்டும்.

முறையற்ற கட்டணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ரசீது கேட்பதுதான். "ரெசீபோ, போர் ஃபவோர்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவசரமே இல்லாதவர் போல நின்றால், ரசீது இல்லாத கட்டணம் பல நேரங்களில் காணாமற்போய்விடும். குரல் உயர்த்துவதால் எந்தப் பயனும் இல்லை. முத்திரை அதிகாரியின் கையில் இருக்கிறது. தொகை ஓரிரு டாலராக இருந்து, வெளியே கடைசிப் பேருந்து கிளம்பத் தயாராக நின்றால், கொடுத்துவிட்டு நகர்வதே கணக்குப்படி லாபம். காலையில் வந்தவருக்கு மட்டுமே பேரம் பேச நேரம் இருக்கும்.

நாணயங்கள் ஒவ்வொரு எல்லையிலும் மாறுகின்றன. குவாத்தமாலாவின் கெத்சால் ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 7.7, ஹோண்டுராஸின் லெம்பிரா 25–26 அளவில், நிகராகுவாவின் கோர்டோபா 36–37, கோஸ்டா ரிக்காவின் கோலோன் ஏறத்தாழ 500. பெலீஸ் டாலர் இரண்டுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்பது நிலையான விகிதம். எல் சால்வடோர் 2001இல் அமெரிக்க டாலரையே தன் பணமாக ஏற்றுக்கொண்டது. பனாமாவில் பல்போவா என்ற பெயர் உண்டு, நாணயங்களும் உண்டு. நோட்டு அமெரிக்க டாலர்தான்.

எல்லையில் நோட்டுக் கட்டுகளோடு வளைய வரும் பணமாற்றுக்காரர்களைத் தவிர்க்க இயலாது. பல எல்லைகளில் அவர்கள்தான் வங்கி. அன்றைய விகிதத்தை அறிந்துகொண்டு, வாங்க வேண்டிய தொகையைத் தானே கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் அவர்களிடம் போக வேண்டும். அவர்கள் நீட்டும் கால்குலேட்டரை நம்பக் கூடாது. கைப்பேசியில் சொந்தமாகக் கணக்குப் போட வேண்டும். அவர்கள் தரும் பணத்தை முதலில் வாங்கி எண்ணி முடித்த பிறகே தன் பணத்தைக் கொடுக்க வேண்டும். மாற்றுவதும் பேருந்துக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதுமான அளவே இருக்கட்டும்; மீதியை அடுத்த ஊரின் ஏடிஎம்மில் எடுக்கலாம். சில்லறைக் காசுகளை எவரும் மாற்றித் தர மாட்டார்கள் என்பதால், எல்லைக்கு முந்தைய ஊரிலேயே அவற்றைப் பழத்துக்கும் தண்ணீருக்கும் செலவழித்துவிடுவது நல்லது. இந்திய ரூபாயை அந்த வட்டாரத்தில் எவரும் மாற்றித் தருவதில்லை.

டாலர் நோட்டுகள் ஒன்று, ஐந்து, பத்து, இருபது என்ற மதிப்பில் இருக்கட்டும். கிழிசலோ மை எழுத்தோ உள்ள நோட்டைக் கடைக்காரரும் வங்கியும் திருப்பித் தந்துவிடுவார்கள். நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது அரிது.

மூன்று வகை வண்டிகள்

முதல் வகை உள்ளூர்ப் பேருந்து. அமெரிக்காவில் பள்ளிக்கூட வண்டியாக ஓடி ஓய்ந்தவை குவாத்தமாலாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் புது வண்ணம் பூசிக்கொண்டு ஓடுகின்றன. இருவர் இருக்கையில் மூவர் அமர்வார்கள். பை கூரையில் ஏறும். செலவு மிகக் குறைவு. நேரம் மிக அதிகம். கடவுச்சீட்டும் பணமும் கூரைக்குப் போகக் கூடாது, உடலோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது, டீக்கா பஸ் போன்ற பன்னாட்டுப் பேருந்துகள். தலைநகரிலிருந்து தலைநகருக்கு ஓடும் இவற்றில் நடத்துநரே வழிகாட்டி, எல்லையில் எல்லோரையும் சேர்த்து அழைத்துச் செல்வார். எல்லைக்கட்டணங்களையும் சில இடங்களில் அவரே சேர்த்து வசூலிப்பார். முதன்முதலாக எல்லை தாண்டுபவருக்கும் தனியாகப் போகும் பெண்களுக்கும் இந்தக் கூடுதல் செலவு நியாயமானதே.

மூன்றாவது வகை, விடுதிகள் ஏற்பாடு செய்யும் வேன்கள். குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவிலிருந்து ஹோண்டுராஸின் கோபானுக்கும், எல் சால்வடோரின் எல் துன்கோ கடற்கரையிலிருந்து நிகராகுவாவின் லியோனுக்கும் இவை ஓடுகின்றன. விலை கூடுதல். ஆனால் எல் துன்கோ–லியோன் வழியில் ஒரே நாளில் இரண்டு எல்லைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால், உள்ளூர்ப் பேருந்துகளில் மாறி மாறிப் போனால் நடுவே ஹோண்டுராஸில் ஓர் இரவு தங்க நேரிடலாம். அறை வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் அந்த வழியில் வேனே சிக்கனம்.

வடக்கிலிருந்து தெற்காக

மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலாவுக்குள் நுழைய, தபச்சூலா நகரை ஒட்டி தலிஸ்மான்–எல் கார்மென், சியுதாத் இதால்கோ–தெகூன் உமான் என இரண்டு வாயில்கள் உள்ளன. மலைப்பக்கம் லா மெசியா உண்டு. சியாபாஸ் மாநிலத்தின் இந்த எல்லைப் பகுதியில் 2023 முதல் போதைக் கும்பல்களின் மோதல் கடுமையாக இருந்தது. நிலைமையை அங்குள்ள விடுதிகளில் கேட்டறிந்த பிறகே வழியை முடிவு செய்ய வேண்டும். தெகூன் உமானில் சுசியாத்தே ஆற்றை மிதவைகளில் கடக்கும் மக்களைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். பயணி அதில் ஏறக் கூடாது. முத்திரை பாலத்தின் இரு முனைகளில்தான் கிடைக்கும்.

அமைதியான தொடக்கம் வேண்டுபவருக்கு ஏற்றது பெலீஸ் வழி. மெக்சிகோவின் செதுமாலிலிருந்து பெலீஸுக்குள் வந்து, சான் இக்னாசியோ ஊரைத் தாண்டி பென்கே வியேஹோவில் குவாத்தமாலாவின் மெல்சோர் தே மென்கோஸுக்குள் நுழையலாம். அங்கிருந்து மாயா நகரமான திக்காலுக்கு அருகில் உள்ள ஃப்ளோரெஸுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதல் எல்லைக்கு இதையே பரிந்துரைக்கலாம்: மொழித் தடை பாதி நீங்கிவிடுகிறது, நடைதூரமும் குறைவு. பெலீஸில் அறை வாடகையும் சாப்பாடும் குவாத்தமாலாவைவிட அதிகம் என்பதால் பலர் அங்கே சில நாள்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குவாத்தமாலா–ஹோண்டுராஸ் எல்லைகளில் எல் ஃப்ளோரிதோ மிகச் சாதுவானது. 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோபான் மாயா நகரம் எல்லையிலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ளது. எல்லையில் சிறு வேன்கள் காத்திருக்கும். எல் சால்வடோர் பக்கம் போகிறவர்களுக்கு லாஸ் சினாமாஸும் கடலோர லா அச்சதூராவும் பழகிய வழிகள். எல் சால்வடோரில் 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதிலிருந்து சாலைகளில் காவல் சோதனை சகஜம். கடவுச்சீட்டை எடுக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

எல் சால்வடோரிலிருந்து நிகராகுவா போக, எல் அமாத்தியோவில் ஹோண்டுராஸுக்குள் நுழைந்து, சோலுதேகா வழியாகக் குவாசவுலேயில் வெளியேற வேண்டும். ஹோண்டுராஸின் தென்முனையை அரைநாளில் குறுக்கே கடக்கும் வழி இது. அதிகாலையில் புறப்படாவிட்டால் இரண்டாம் எல்லையில் இருட்டிவிடும். தெகுசிகல்பாவிலிருந்து வருபவருக்கு லாஸ் மானோஸ் வசதி. மலைக்காற்றும் குறைந்த கூட்டமும் அதன் நல்ல பக்கங்கள்.

நிகராகுவா–கோஸ்டா ரிக்கா இடையே பெரும்பாலோர் தாண்டுவது பென்யாஸ் பிளாங்காஸில். இந்த வழியில் உள்ள எல்லைகளிலேயே குழப்பம் மிகுந்தது இதுதான். லாரிகள் நெடுந்தூரம் வரிசை கட்டி நிற்கும். அறிவிப்புப் பலகைகள் குறைவு. நடை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும். அடையாளம் காட்டாமலே பலர் வந்து கடவுச்சீட்டை வாங்க முயல்வார்கள். சீருடையும் அடையாள அட்டையும் இல்லாதவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கவே கூடாது. வடக்கு நோக்கிப் போகிறவர் கோஸ்டா ரிக்காவின் வெளியேறும் வரியை முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிட்டு வந்தால் ஒரு வரிசை குறையும். கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவருக்கு, சான் ஹுவான் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய லாஸ் தப்லியாஸ் எல்லை உண்டு. முன்பு அந்தப் பக்கம் படகில்தான் போக முடிந்தது.

கோஸ்டா ரிக்காவிலிருந்து பனாமாவுக்குக் கரீபியக் கரையில் சிக்ஸாவோலா, பசிபிக் பக்கம் பாசோ கனோவாஸ். போகாஸ் தெல் தோரோ தீவுகளுக்குப் போகிறவர் சிக்ஸாவோலாவில் தாண்டி, சங்கினோலா வழியாக அல்மிரான்தே சென்று படகேற வேண்டும். தாவீத் நகருக்கும் மலையூரான பொகேத்தேவுக்கும் பாசோ கனோவாஸ் வசதி. பனாமாவின் கடிகாரம் மற்ற ஆறு நாடுகளைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. கோஸ்டா ரிக்கா பக்கம் நாலு மணிக்கு வந்து சேர்ந்தவருக்குப் பனாமா அலுவலகத்தில் ஐந்து மணி. சிக்ஸாவோலா போன்ற சிறிய எல்லைகளில் அதற்குள் அலுவலகம் மூடியிருக்கக்கூடும்.

நாளும் நேரமும்

காலை எட்டு மணிக்கு எல்லையில் இருப்பது நல்ல இலக்கு. எல்லை ஊர்களில் இரவு தங்குவதைத் தவிர்க்க வேண்டும். அங்கே அறைகள் மோசம், விலை அதிகம், இரவில் தெருக்களும் பாதுகாப்பில்லை. முந்தைய பெரிய ஊரில் தங்கிவிட்டு விடியலில் கிளம்புவதே முறை. புனித வாரத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாள்களில், வட்டாரமே பயணத்தில் இருக்கும். வரிசைகள் மணிக்கணக்கில் நீளும். புனித வெள்ளியன்று பல ஊர்களில் பேருந்தே ஓடாது. கிறிஸ்துமஸ் காலத்தில் நிகராகுவா மக்கள் கோஸ்டா ரிக்காவிலிருந்து ஊர் திரும்புவதால் பென்யாஸ் பிளாங்காஸ் திணறும். அந்த வாரங்களில் ஏதேனும் ஓர் ஊரில் தங்கிவிடுவதே மேல்.

சாலை முடியும் இடம்

பனாமாவின் யவீசா ஊரில் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை நின்றுவிடுகிறது. அங்கிருந்து கொலம்பியாவின் தூர்போ பக்கம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. தாரியன் காடும் சதுப்பும்தான். 2023இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளும் குடிபெயர்வோரும் வேறு வழியின்றி அந்தக் காட்டை நடந்து கடந்தார்கள். பலர் வெள்ளத்திலும் கொள்ளையர் கையிலும் உயிரிழந்தார்கள். சுற்றுலாப் பயணி அதில் கால் வைக்கக் கூடாது. குனா யாலா தீவுகள் வழியாகப் பாய்மரப் படகில் கார்த்தஹேனாவுக்கு நான்கைந்து நாளில் போகலாம். அதற்கு ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகும். பனாமா நகரிலிருந்து கொலம்பியாவுக்கு முன்கூட்டியே எடுக்கும் விமானச் சீட்டு அதைவிட மிகவும் மலிவு. தரைவழிப் பயணிக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் விமானமே சிக்கனமான வழி.